பின்னாடி ஷாக்... முன்னாடி ஹேர்பின்!



இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம். உங்க பைக்குல பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் சுத்தின குழாய் ஒண்ணு நிக்குதே... ஷாக் அப்சார்பர்... அது எதுக்கு?

“இதென்ன பாஸ் கேள்வி, குலுங்காம சொகுசா போறதுக்குத்தான்!” அப்படின்னு சொல்றீங்களா? பாதி மார்க்தான் போட முடியும். சொகுசு என்பது கூடவே கிடைக்கிற இலவச இணைப்பு. உண்மையான வேலை வேற. டயரை ரோட்டை விட்டுப் பிரியாம பிடிச்சு வைக்கிறதுதான் அது. டயர் ரோட்டுல இருந்தாத்தான் பிரேக் பிடிக்கும், வண்டி திரும்பும். டயர் அந்தரத்துல இருந்தா? எவ்வளவு பெரிய ஹீரோவா இருந்தாலும் பிரேக் பெடல் வெறும் கால் மிதிதான்!

தரையில இருக்கிற நமக்கு இது புரிய கொஞ்சம் நாளாகும். மலையில இருக்கிறவங்களுக்கு ஒரே நாள்ல புரிஞ்சிடும். சேர்வராயன் மலையில, ஏற்காடு ஒன்றியத்துல மாரமங்கலம்னு ஒரு ஊராட்சி இருக்கு. அந்த ஊர்த் தம்பி ஒருத்தர் பைக்குல கிளம்புறார்னு வெச்சுக்குங்க. ஏற்காடு வந்து, அங்கிருந்து மெயின் ரோட்டுல சேலம் இறங்கணும்னா 20 கொண்டை ஊசி வளைவு. பின்னாடி சீட்டுல ஒரு நாள் அம்மா, ஒரு நாள் ஃப்ரெண்டு, இன்னொரு நாள் காபிக்கொட்டை மூட்டை. (1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காபி, இன்னைக்கும் இங்கே மூட்டை மூட்டையா விளையுது!) ஒவ்வொரு நாளும் எடை வேற, ரோடு வேற. ஆனா ஷாக் மட்டும் ஷோரூம்ல வெச்சுக் கொடுத்த அதே நிலையில இருக்கும். நம்மில் பல பேர் வண்டியும் அப்படித்தான். வாங்கின நாள்லேருந்து அதைத் திருகியே பார்த்திருக்க மாட்டோம்!

அதனால இந்த வாரம் பின் ஷாக்கை வீட்டிலேயே மாத்துறது எப்படி, அதைவிட முக்கியமா அட்ஜஸ்ட் பண்றது எப்படின்னு பார்த்துடலாம்.

ஒரு குழாய்... ரெண்டு ஆளு!

ஷாக்குன்னு நாம ஒரே பேர்ல சொன்னாலும் உள்ளே ரெண்டு பேர் வேலை பார்க்கிறாங்க. முதல் ஆள் ஸ்பிரிங். வண்டியோட எடையையும் உங்க எடையையும் தாங்குறது இவர்தான். பள்ளம் வந்தா அமுங்குவார், உடனே நிமிர்வார். பிரச்னை என்னன்னா இவருக்கு நிறுத்தத் தெரியாது. ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிட்டு விட்ட மாதிரி, மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருப்பார்.

அந்த ஆட்டத்தை நிறுத்துறவர்தான் ரெண்டாவது ஆள், டேம்ப்பர். குழாய்க்குள்ள எண்ணெய், எண்ணெய்க்குள்ள ஒரு பிஸ்டன், பிஸ்டன்ல சின்னச் சின்ன ஓட்டைகள். அவ்வளவுதான் சங்கதி. ஊசி போடுற சிரிஞ்சுல தண்ணி நிரப்பி மெதுவா அழுத்திப் பாருங்க, சுலபமா போகும். வேகமா அழுத்துங்க, எதிர்த்து நிக்கும். அதே கதைதான் இங்கேயும். ஸ்பிரிங் துள்ளுற சக்தியை எண்ணெய் உறிஞ்சி சூடா மாத்திடுது. மோசமான ரோட்டுல ரொம்ப தூரம் ஓட்டிட்டு ஷாக்கைத் தொட்டா சுடுறது இதனாலதான்.

எண்ணெய் ரொம்ப அடிபட்டா நுரை கட்டும். நுரைக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. அதனாலதான் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்துல அடைச்ச ஷாக்குகள் வந்துச்சு. 2000-கள்ல பல்சர் வண்டிகள்ல ‘நைட்ராக்ஸ்’னு பெருமையா எழுதி வந்ததே, அது இந்த ரகம்தான். இந்த வாயு விஷயத்தை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி ஒரு எச்சரிக்கைக்குத் தேவைப்படும்.

நம்ம ஊர் புல்லட்டுக்கும் இந்தக் கதையில ஒரு நாற்காலி உண்டு. அந்தக் காலத்து பைக்குகள் பலதுல பின்சக்கரம் ஃபிரேமோட நேரா பிடிச்சிருக்கும். ஸ்பிரிங் இருந்தது சீட்டுக்கு அடியிலதான். 1948-ல இத்தாலியின் சான் ரெமோவுல நடந்த ஆறு நாள் டிரயல் போட்டியில பிரிட்டிஷ் அணிக்காக ஓடின ராயல் என்ஃபீல்டு புல்லட், ஸ்விங் ஆர்மும் எண்ணெய் ஷாக்கும் பின்னாடி வெச்சு வந்து தங்கப் பதக்கம் வாங்கிட்டுப் போச்சு. அதே புல்லட்டைத் தயாரிக்கத்தான் 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூர்ல ஃபேக்டரி வந்தது. ஆக, பின் ஷாக் என்பது சொகுசுக்காரங்க கண்டுபிடிப்பு இல்லீங்க. கல்லுலயும் மேட்டுலயும் வேகமா ஓட்டணும்னு நினைச்சவங்க விஷயம்!

போயிடுச்சா... இருக்கா?

செலவு பண்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க. அஞ்சே நிமிஷம்தான்.

வண்டியை ஸ்டாண்டு போடாம நேரா நிறுத்துங்க. ஒரு ஃப்ரெண்டு முன்னாடி பிடிச்சுக்கட்டும். சீட்டோட பின்பக்கத்தை ரெண்டு கையாலயும் பலமா அமுக்கி சட்டுனு விடுங்க. மேல வந்து அப்படியே அடங்கினா நல்ல ஷாக். ரெண்டு மூணு தடவை குதிச்சா டேம்ப்பர் ‘குட்பை’ சொல்லிடுச்சுன்னு அர்த்தம்.

அடுத்து, ஷாக்கோட உடம்பைத் துடைச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க. மறுபடியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதுல ஒட்டின புழுதியுமா இருந்தா சீல் போயிடுச்சு. கம்பி துருப்பிடிச்சிருந்தாலும் வளைஞ்சிருந்தாலும் அதே தீர்ப்புதான். சின்ன பள்ளத்துக்கே ‘டொம்’முனு அடி வாங்குறது, வளைவுல வண்டி பின்னாடி வாலாட்டுறது, பின் டயர் மேடு பள்ளமா தேயுறது... இதெல்லாம் கூடுதல் சாட்சிகள்.

ஆனா ஒண்ணு. வாலாட்டினா உடனே ஷாக் மேல கேஸ் போடாதீங்க. முதல்ல டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க, அது கிட்டத்தட்ட ஃப்ரீ! அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பிடிச்சு இடம் வலமா ஆட்டிப் பாருங்க. ‘லொடக்’குனு ஆடினா வீல் பேரிங்கோ, ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ தேய்ஞ்சிருக்கு. புது ஷாக் போட்டாலும் அந்த ஆட்டம் நிக்காது.

கடையில உஷார்!

மூணே விதி. முதல் விதி, எப்பவும் ஜோடியா மாத்துங்க. “ஒரு பக்கம்தானே லீக்கு, ஒண்ணு போதும்ணே”ன்னு மிச்சம் பிடிக்காதீங்க. ஒரு பக்கம் கிழவர், ஒரு பக்கம் குமரன்னு நின்னா ஸ்விங் ஆர்ம் முறுக்கு வாங்கும். வளைவுல வண்டி உங்க பேச்சைக் கேட்காது.

ரெண்டாவது, உங்க மாடலுக்கே உள்ள ஷாக்கை பில் போட்டு வாங்குங்க. பழசையும் கையில எடுத்துட்டுப் போக முடிஞ்சா இன்னும் நல்லது. மேல் கண்ணு நடுவிலேருந்து கீழ்க் கண்ணு நடு வரைக்கும் அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.

மூணாவது, ‘பின்னாடி தூக்கலா இருந்தா கெத்து’ன்னு நீளமான ஷாக் மாட்டாதீங்க. பின்பக்கம் உயர்ந்தா முன் ஃபோர்க்கோட சாய்வு மாறும், ஹேண்டில் படபடப்பா ஆகும், செயின் டென்ஷன் மாறும். குட்டையா போட்டா வளைவுல ஸ்டாண்டு தரையைக் கீறும். கம்பெனிக்காரன் அளவெடுத்துத் தைச்ச சட்டையை நாம கத்தரி வெச்சு வெட்ட வேண்டாமே!

வண்டி வாரன்டியில இருந்தா இதையெல்லாம் விட்டுட்டு நேரா ஷோரூமுக்குப் போங்க.

கையில ஸ்பானர்... களத்துல நீங்க!

இது ரெண்டு ஷாக் உள்ள வண்டிக்கு மட்டும். சீட்டுக்கு அடியில நடுவுல ஒத்தை ஷாக் இருக்கிற வண்டின்னா (2004-ல யூனிகார்ன், 2008-ல எஃப்.இஸட்-னு நம்ம காலேஜ் பார்க்கிங்குக்குள்ள வந்த குடும்பம்) அதைக் கழட்டினதும் பின்பக்கத்தைத் தாங்க வேற எதுவும் கிடையாது. சரியான தாங்கு ஸ்டாண்டும் பழக்கமும் இல்லாம அதுல கை வைக்காதீங்க. அட்ஜஸ்ட் பண்ற பகுதி மட்டும் உங்களுக்கு.

தேவையானவை: உங்க வண்டி நட்டுக்குச் சரியான ரிங் ஸ்பானர் அல்லது சாக்கெட், டூல் கிட்ல வர்ற வளைஞ்ச கொக்கி ஸ்பானர், துரு விடுற ஸ்ப்ரே, கொஞ்சம் கிரீஸ், ஒரு மரக்கட்டை, ஒரு ஃப்ரெண்டு. (கடைசி ஐட்டம் காபி கேட்கும், தயாரா இருங்க!)

1. சமமான, கெட்டியான தரையில சென்டர் ஸ்டாண்டு போடுங்க. சைடு ஸ்டாண்டுல இந்த வேலை வேண்டவே வேண்டாம். பின்சக்கரத்துக்குக் கீழே இருக்கிற இடைவெளியில மரக்கட்டையைச் சொருகுங்க, சக்கரம் அது மேல லேசா உக்காரட்டும்.

2. பழைய ஷாக் ரெண்டையும் கொக்கி ஸ்பானரால ரொம்ப மென்மையான படிக்குக் கொண்டு வாங்க. முந்தின நாள் ராத்திரியே நட்டுகள்ல துரு ஸ்ப்ரே அடிச்சு வெச்சா காலையில கை வலிக்காது.

3. செல்போன்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. எந்த வாஷர் உள்ளே, எந்த வாஷர் வெளியே, அட்ஜஸ்ட் பண்ற வளையம் மேலயா கீழயா... நம்ம ஞாபக சக்திதான் எக்ஸாம்ல தெரியுமே!

4. ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும்! இதுதான் மொத்த வேலையோட உயிர் நாடி. ரெண்டையும் சேர்த்துக் கழட்டினா ஸ்விங் ஆர்ம் கீழே தொங்கும், செயினும் பிரேக் ராடும் இழுபடும், புது ஷாக்கை மாட்ட ஓட்டை சேராது. ஒரு பக்கம் பழசு இருந்தா அதுவே அளவு காட்டும். மேல் நட், கீழ் போல்ட் ரெண்டையும் எடுத்துட்டு ஷாக்கை வெளியே இழுங்க. சில வண்டிகள்ல சைலன்ஸரோ, பின்னாடி பிடிக்கிற கம்பியோ குறுக்கே நிக்கும். அதோட போல்ட்டை முதல்ல தளர்த்துங்க.

5. மாட்டுற இரும்புத் தண்டைச் சுத்தமா துடைச்சு மெல்லிசா கிரீஸ் தடவுங்க. ரப்பர் புஷ்ஷுல கிரீஸ் படாம பார்த்துக்குங்க, சாதா கிரீஸ் ரப்பரை ஊத வெச்சுடும். புது ஷாக்கை ஏத்தி, வாஷர்களை போட்டோவுல இருந்த வரிசையிலேயே போட்டு, கையால மட்டும் நட்டைத் திருகி விடுங்க. ஓட்டை ஒரு நூல் சேரலைன்னா சக்கரத்தை ஃப்ரெண்டு லேசா தூக்கட்டும், சுத்தியலை எடுக்காதீங்க.

6. அடுத்த பக்கமும் இதே மாதிரி. அப்புறம் நட்டுகளை ஓரளவு இறுக்கிட்டு, கட்டையை எடுத்து, ஸ்டாண்டை விட்டு இறக்கி, வண்டி எடை சக்கரத்துல நிக்கும்போது முழுசா இறுக்குங்க. அப்பதான் ரப்பர் புஷ் முறுக்கிக்கிட்டே வாழ வேண்டிய நிலைமை வராது. எவ்வளவு இறுக்கணும்ங்கிற அளவு உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லைன்னா அந்தக் கடைசி இறுக்கலை மட்டும் பக்கத்து மெக்கானிக் அண்ணன்கிட்ட கொடுங்க. கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

7. பழைய ஷாக் அசைவுக்குப் பழகின செயின் இப்போ எப்படி இருக்குன்னு பாருங்க. ஆள் இல்லாத சமதரை ரோட்டுல மெதுவா ஒரு ரவுண்டு. 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடியும் நட்டுகளைச் சரிபாருங்க.

இதைத் தொடாதீங்க, ப்ளீஸ்!

ஷாக்கைப் பிரிச்சு உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிற ஆசை வரும். வேண்டாம். அமுங்கின ஸ்பிரிங் என்பது நாண் ஏத்தின வில். கொக்கியைத் தப்பா எடுத்தா முகத்துக்குத்தான் வரும். வாயு அடைச்ச ஷாக்கைத் துளை போடுறது, சூடு காட்டுறது, வெல்டிங் வைக்கிறது எல்லாமே ஆபத்து. “ஸ்பிரிங்குல ஒரு சுத்து வெட்டிட்டா வண்டி தாழ்ந்து ஸ்டைலா இருக்கும்”னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

அஞ்சு படி... நூறு குழப்பம்!

இப்போதான் மெயின் பிக்சர். ஷாக்கோட ஸ்பிரிங்குக்கு அடியில படிக்கட்டு மாதிரி வெட்டின ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலான வண்டிகள்ல அஞ்சு படி. மேல ஏத்தினா ‘ஹார்டு’, கீழே இறக்கினா ‘சாஃப்ட்’னு எல்லாரும் சொல்வாங்க. சொல்றது சுலபமா இருக்கு, ஆனா முழு உண்மை இல்லை.

வீட்டுல கட்டில் காலுக்கு அடியில செங்கல் வைப்போமே, அப்போ கட்டில் உயரும். மெத்தை கல்லாயிடுமா? ஆகாது இல்லையா? அதேதான் இங்கேயும். வளையத்தைத் திருகினா ஸ்பிரிங்கோட குணம் மாறாது. வண்டியோட பின்பக்கம் எந்த உயரத்துல நிக்கணும்ங்கிறதுதான் மாறும். எடை ஏறினா பின்பக்கம் அமுங்கும். அமுங்கின உயரத்தைத் திருப்பி மேல கொண்டு வர்றதுக்குத்தான் அந்த அஞ்சு படி. பள்ளத்துல அமுங்க இடம் மிச்சம் இருக்கணும், டயர் பள்ளத்துக்குள்ள இறங்கவும் இடம் இருக்கணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நிறுத்துறதுதான் அட்ஜஸ்ட்மென்ட்.

எந்தப் படி உங்களுக்கு? டேப் எடுங்க. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது அச்சு நடுவிலேருந்து நேர் மேலே சீட்டு ஓரத்துல ஒரு குறி வரைக்கும் அளங்க. 520 மி.மீ.னு வெச்சுக்குவோம். அப்புறம் வண்டியை இறக்கி நீங்க உக்காருங்க, கால் ரெண்டும் ஃபுட்ரெஸ்ட்ல. ஒருத்தர் பிடிச்சுக்கட்டும், இன்னொருத்தர் அதே இடத்தை அளக்கட்டும். 490 வந்தா நீங்க உக்காந்ததுல 30 மி.மீ. இறங்கியிருக்கு. பின்சக்கரம் மொத்தம் அசையுற தூரத்துல கால் பங்கிலேருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் இறங்கினா நல்லது. மொத்த அசைவு 100 மி.மீ. உள்ள வண்டிக்கு 25-லேருந்து 33. அப்படிப் பார்த்தா இந்த 30 பாஸ் மார்க் வாங்கிடுச்சு. 45 இறங்கினா ஒரு படி ஏத்துங்க. 15தான் இறங்குதுன்னா ஒரு படி இறக்குங்க.

ஒல்லியான ஆள், தனியா காலேஜ் போறார்னா முதல் ரெண்டு படியில ஒண்ணு பெரும்பாலும் சரியா வரும். பின்னாடி ஆள் ஏறினா மூணு, நாலு. கனமான மூட்டைன்னா இன்னும் மேல. ரெண்டு பக்கமும் ஒரே படியில இருக்கணும், இதை மறந்துடாதீங்க. படியில ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சென்டர் ஸ்டாண்டுல வெச்சுத் திருகுங்க. கொக்கி வழுக்கினா கை முட்டி பெயரும், துணி சுத்திக்குங்க.

படிக்கும் ஒரு எல்லை உண்டு. அஞ்சாவது படி வெச்சுட்டா மூணு பேர் போகலாம்னு அர்த்தம் இல்லை. ஓட்டுறவருக்குப் பின்னாடி ஒருத்தர்தான்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 128-வது பிரிவு சொல்லுது. ஸ்பிரிங்கும் அதையேதான் சொல்லுது!

மலை கத்துக்கொடுக்கிற பாடம்

மறுபடியும் நம்ம மாரமங்கலம் தம்பிகிட்ட வருவோம். சாயங்காலம் மூட்டையோட ஏறும்போது எடை எல்லாம் பின்னாடி. ஷாக் அமுங்கிப் போயிருந்தா வண்டி மூக்கைத் தூக்கும். ஹெட்லைட் ரோட்டை விட்டுட்டு மரத்து உச்சியைப் பார்க்கும். ஏற்காட்டு மூடுபனியில எதிர்ல வர்றவர் கண்ணு கூசும், நமக்கு முன்னாடி இருக்கிற பள்ளம் தெரியாது. ரெண்டு படி ஏத்தியிருந்தா இது அத்தனையும் சரி.

காலையில மூட்டை இல்லாம இறங்கும்போது கதை தலைகீழ். இறக்கத்துல பிரேக் பிடிச்சா எடை முன்சக்கரத்துக்குப் போயிடும், பின்சக்கரம் லேசாயிடும். நேத்து மூட்டைக்கு ஏத்தின படியை இறக்காம விட்டிருந்தா, பின்சக்கரம் பள்ளத்துக்குள்ள இறங்க இடமில்லாம துள்ளும். டேம்ப்பரும் போயிருந்தா கேட்கவே வேண்டாம். துள்ளுற சக்கரத்துல பின் பிரேக்கை மிதிச்சா சக்கரம் லாக் ஆகும், வால் வழுக்கும். அது ஹேர்பின் வளைவுல நடந்தா... சொல்ல வேண்டியதில்லை.

ஆக, ‘ஏத்தின படியை இறக்கவும் தெரியணும்.’ மூட்டையை இறக்கி வெச்ச கையோட கொக்கி ஸ்பானரை எடுங்க. ரெண்டே நிமிஷம்.

சமவெளி ஆளுங்களுக்கும் இதே கணக்குதான். ஹாஸ்டல்லேருந்து ஊருக்குப் பையும் ஃப்ரெண்டுமா கிளம்புறீங்களா? ஏத்துங்க. திரும்பித் தனியா வர்றீங்களா? இறக்குங்க. சனிக்கிழமை டூர் பிளான் போட்டு மலைக்கு ஏறப் போறீங்கன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலமே சீட்டை அமுக்கிப் பார்த்துடுங்க. உங்க பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்குப் பிடிச்சுக்க ஹேண்டில் கிடையாது, மிதிக்க பிரேக் கிடையாது. அவங்களுக்கு இருக்கிறது ரெண்டே ரெண்டு, உங்க மேல நம்பிக்கையும் அந்த ஷாக்கும். ரெண்டையும் லீக் ஆகாம பார்த்துக்குங்க!

அடுத்த வாரம் செயின் ஸ்பிராக்கெட் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் கொக்கி ஸ்பானர் உங்க டூல் கிட்ல இருக்கா, இல்லை ஹாஸ்டல்ல யாராவது சுட்டுட்டாங்களான்னு பார்த்து வைங்க. பை!